பாதியில் நின்ற கோழிக்குஞ்சு

அஞ்சுகிராமத்துக்கும் மயிலாடிக்கும் நடுவில் ஓர் ஊர். பெயர் வேண்டாம். பெயரைச் சொன்னால் அந்த ஊர்க்காரர்கள் இன்றைக்கும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, "கோழிக்குஞ்சு வழக்குல எங்க தெரு சொன்னதுதான் ஞாயம்" என்று சண்டைக்கு வந்துவிடுவார்கள். அந்தக் கோழிக்குஞ்சை ஊருக்குள் அவிழ்த்துவிட்டவள் நேசபாய் டீச்சர்.

நேசபாய்க்குச் சொந்த ஊர் மயிலாடி. மிஷன் சபைக் குடும்பம். டிரெயினிங் முடித்துவிட்டு இரண்டு வருஷம் வேலை கிடைக்காமல் அண்ணன் வீட்டு அடுப்படியில் கிடந்தாள். மதினி நல்லவள்தான், குறை சொல்லக் கூடாது. ஆனால் "படிச்ச பிள்ளைக்கு அம்மியில அரைக்கத் தெரியல்லியே" என்று தினமும் ஒரு தடவை சொல்லாவிட்டால் அவளுக்குச் சாப்பாடு செரிக்காது. 1952 ஜூனில் இந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்புக்குப் பிள்ளைகள் கூடிப்போய் இரண்டாவது டிவிஷன் போட்டார்கள். அந்த டிவிஷனுக்கு டீச்சராக நேசபாய் வந்து சேர்ந்தாள். பிள்ளைகள் இருக்கிற வரைக்கும் டிவிஷன், டிவிஷன் இருக்கிற வரைக்கும் டீச்சர். பிள்ளைகள் குறைந்தால் மறுபடியும் அம்மிதான். இது அவளுக்கு நன்றாகத் தெரியும்.

ஊர் இரண்டு தெரு. கிழக்குத் தெருவில் கிறிஸ்தவர்களின் சபைக் கோயில். மேற்குத் தெருவில் அய்யாவழிக்காரர்கள் கும்பிடுகிற நிழல்தாங்கல். நாலு தலைமுறைக்கு முன்னால் பார்த்தால் எல்லாரும் அண்ணன் தம்பிகள். ஒரு பாதி வேதத்துக்கு, அதாவது கிறிஸ்தவத்துக்குப் போயிற்று, ஒரு பாதி அய்யாவிடம் போயிற்று. அதற்கப்புறம் ஒருத்தர் சாமியைப் பற்றி ஒருத்தர் கேட்டதும் இல்லை, சொன்னதும் இல்லை. கல்யாணத்துக்குப் போவார்கள், சாப்பிடுவார்கள், கையைக் கழுவிவிட்டு வந்துவிடுவார்கள். வகுப்பில் பிள்ளைகளும் அப்படியே. கிழக்குத் தெருப் பிள்ளைகள் கிழக்குச் சன்னல் பக்கம், மேற்குத் தெருப் பிள்ளைகள் மேற்குச் சன்னல் பக்கம். நடுவில் ஒரு ஆள் படுத்து உருளலாம், அவ்வளவு இடம்.

நேசபாய்க்கு அந்த நடு இடத்தைப் பார்த்தாலே எரிச்சல். அதட்டிப் பார்த்தாள், இடம் மாற்றி உட்கார வைத்துப் பார்த்தாள். மணி அடித்ததும் பழையபடி போய்விடுவார்கள். கடைசியில் கையில் இருந்த ஒரே ஆயுதத்தை எடுத்தாள். அது கதை. வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியடில் அவள் கதை சொல்ல ஆரம்பித்தால் அந்த நடு இடம் தானாக நிறைந்துவிடும். முன்னால் நகர்ந்து, நகர்ந்து, யார் மடியில் யார் கை என்று தெரியாமல் மேசையடியில் வந்து கிடப்பார்கள்.

கோழிக்குஞ்சு கதை அவளே கட்டியது. ஒரு பருந்து வந்து தாய்க்கோழியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது. அழுதுகொண்டே இருந்த குஞ்சு, கண்ணைத் துடைத்துக்கொண்டு வழக்குச் சொல்லப் புறப்பட்டது. ஊர்த் தலைவரிடம் போனது. "பருந்து என் எல்லைக்குள்ள இல்ல, மேல பறக்கு" என்று அவர் வெற்றிலை போடப் போய்விட்டார். தாசில்தாரிடம் போனது. அவர் "நாளைக்கு வா" என்றார். ராஜாவிடம் போனது. ராஜா கோழிக்குழம்பு சாப்பிட்டுக்கொண்டிருந்தார், அதனால் குஞ்சு வாசலிலேயே திரும்பிவிட்டது. போகிற இடமெல்லாம் "வழக்கு ஒண்ணு இருக்கு, கேக்க ஆள் இருக்கா?" என்று கேட்கும். அந்த இடம் வந்தால் டிவிஷன் முழுக்க ஒரே குரலில் கத்தும். அடுத்த அறையில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்த ஹெட்மாஸ்டர் பகவதியப்பன் சார் சுவரைத் தட்டுவார்.

இனி மிச்சம் இருப்பது கடவுள் ஒருவர்தான் என்று குஞ்சு மலை ஏறியது.

அந்த வெள்ளிக்கிழமை நல்ல மழை. இருட்டிக்கொண்டு வந்தது. நேசபாய் குரலைத் தாழ்த்தினாள். "குஞ்சு கதவைத் தட்டிச்சு. சின்ன அலகுல்லா, சத்தமே கேக்கல்ல. பெறகும் தட்டிச்சு. கதவு தெறந்துது. உள்ள ஒரே வெளிச்சம். கடவுள் வந்து நின்னாரு." அப்படிச் சொல்லும்போதே கோயிலில் ஜெபத்துக்கு நிற்கிற பழக்கத்தில் அவள் கை முந்தானையை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டது. கண்ணையும் மூடிக்கொண்டாள். வகுப்பில் ஓட்டில் விழுகிற மழை தவிர ஒரு சத்தம் இல்லை.

கண்ணைத் திறந்தால், முன்னால் உட்கார்ந்திருந்த மேற்குத் தெருக் கிருஷ்ணமணி தலையில் ஒரு தலைப்பாகை! மழையில் நனையாமல் சிலேட்டைச் சுற்றிக் கொண்டுவந்த துவர்த்தை, அதுதான் அந்தச் சின்ன ஈரிழைத் துண்டை, அவிழ்த்துப் பெரிய ஆள் மாதிரி கட்டிக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் இருந்த கிழக்குத் தெரு ஜெயசிங் அதைப் பார்த்து 'புர்ர்' என்று சிரித்தான். அவன் சிரித்ததும் கிழக்குத் தெருக் கூட்டம் முழுக்கச் சிரித்தது.

நேசபாய்க்கு எங்கிருந்துதான் அந்தக் கோபம் வந்ததோ. கடவுள் வந்து நிற்கிற இடத்தில் வேஷமா? அவர்கள் கோயிலில் எப்பேர்ப்பட்ட ஆண்பிள்ளையும் வாசலிலேயே தலைப்பாகையைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டுதான் உள்ளே வருவான்.

"ஏலே, கேலியா? சாமி காரியத்துல களியாக்குதியா?" என்று கத்தி, துவர்த்தை ஒரே இழுப்பில் உருவி மேசைமேல் எறிந்தாள்.

கிருஷ்ணமணி அழவில்லை. அழுதிருந்தால் அவளே சமாதானம் செய்திருப்பாள். இரண்டு கையாலும் தலையை மூடிக்கொண்டு அவளையே பார்த்தான். அதற்குள் மணி அடித்துவிட்டது. சிலேட்டை எடுத்துக்கொண்டு மழையில் இறங்கி ஓடினான். துவர்த்து மேசைமேலேயே கிடந்தது.

திங்கட்கிழமை மேற்குச் சன்னல் பக்கம் காலி. ஒரு பிள்ளை இல்லை.

பகவதியப்பன் சார் வாசலில் நின்று மூக்குப்பொடியை இழுத்தார். "என்ன டீச்சர் செஞ்சு வச்சிருக்கிய? தாங்கல் தெருப் பையன் தலைப்பாகையை அவுத்துட்டியளாமே."

"வகுப்புல தலைப்பா என்னத்துக்கு சார்? களியாக்குனான், அவுத்தேன்."

"எனக்கு அந்த ஞாயமெல்லாம் தெரியாது. வாற மாசம் இன்ஸ்பெக்டர் தலை எண்ண வாறாரு. அவரு தலையைத்தான் எண்ணுவாரு, தலையில என்ன இருக்குன்னு பாக்க மாட்டாரு. எண்ணம் கொறஞ்சா டிவிஷன் போயிரும். பெறகு எங்கிட்ட வந்து அழப்பிடாது."

நேசபாய்க்கு மதினியின் அம்மி கண்முன்னால் வந்து நின்றது. ஆனாலும் பிடிவாதம் விடவில்லை. தப்பு செய்தது பையன், நான் ஏன் போக வேண்டும் என்று இருந்துவிட்டாள்.

இருந்த பிள்ளைகளாவது சும்மா விட்டார்களா? "டீச்சர், கடவுள் என்ன சொன்னாரு? சொல்லுங்க டீச்சர்" என்று பிடுங்கி எடுத்தார்கள். எல்லாரும் வந்தால்தான் சொல்வேன் என்றாள். சொல்வதற்கு அவளிடம் ஒன்றும் இல்லை என்பது வேறு விஷயம். அவள் கதையை எப்போதும் போகிற போக்கில்தான் கட்டுவாள். கடவுள் வந்து நின்றதோடு அவளுக்கும் சரக்கு தீர்ந்துபோயிற்று.

டீச்சர் சொல்லாவிட்டால் என்ன, பிள்ளைகளுக்கு வாய் இல்லையா? புதன்கிழமை சாயந்திரம் குளத்தங்கரையில் ஜெயசிங் ஒரு முடிவு கட்டினான். கடவுள் பருந்தைக் கூப்பிட்டு, புத்தி சொல்லி, மன்னித்து அனுப்பிவிட்டாராம். மாடு குளிப்பாட்டிக்கொண்டிருந்த கிருஷ்ணமணிக்கு அது காதில் விழுந்தது.

"மன்னிக்கதுக்காலே அது அத்தனை தூரம் நடந்து போச்சு? எங்க அய்யாவா இருந்தா குஞ்சுகூடயே எறங்கி வந்து, பருந்து இனிமே கோழியைத் தொடாதபடி செஞ்சிருப்பாரு."

"எங்க சாமியும் எறங்கி வந்தவருதாம்லே!"

"வந்தவரு மன்னிச்சிட்டுப் போயிட்டாரா?"

அவ்வளவுதான். கட்டிப் புரண்டார்கள். ஜெயசிங்கின் உதடு கிழிந்தது, கிருஷ்ணமணியின் சட்டை கிழிந்தது, மாடு கரையேறி யாருடைய கத்தரிச்செடியையோ தின்றது. பிள்ளைகளை விலக்க வந்த அம்மாக்கள் நியாயம் கேட்க ஆரம்பித்தார்கள். மறுநாள் சந்தையில் இதே பேச்சு. மீன்காரி, பருந்தைக் கூண்டில் போட வேண்டும் என்றாள். முடிவெட்டுகிறவர், "பருந்துக்கும் வீட்டுல குஞ்சு இருக்கும்லா, அது பட்டினி கெடக்கணுமா?" என்று புது வழக்கு ஒன்றைக் கிளப்பிவிட்டார். அவரிடம் பாதிச் சவரத்தில் உட்கார்ந்திருந்தவர் கோபித்துக்கொண்டு எழுந்து போய்விட்டார்.

இதெல்லாம் நேசபாய் காதுக்கு வந்தது. சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது. ஜெயசிங்கின் வீங்கிய உதட்டைப் பார்த்தபோது அவளுக்கே வெட்கமாக இருந்தது. இரண்டு தெருவையும் ஒன்றாக உட்கார வைக்க ஆரம்பித்த கதை, இரண்டையும் அடிதடியில் கொண்டுவந்து விட்டிருக்கிறதே! அன்று சாயந்திரம் துவர்த்தைத் துவைத்து, காயவைத்து, மடித்து எடுத்துக்கொண்டு மேற்குத் தெருவுக்கு நடந்தாள். அவள் போவதைப் பார்க்க ஒவ்வொரு வீட்டு வாசலிலும் ஆள் நின்றது.

கிருஷ்ணமணியின் அப்பா பொன்னுலிங்கம் வாழைக்குலை வியாபாரி. முற்றத்தில் குலைகளை அடுக்கிக்கொண்டிருந்தவர் அவளைக் கண்டதும் கையைத் துடைத்துக்கொண்டு நின்றார். நெற்றியில் நெடுக வெள்ளை நாமம். "இரிங்க டீச்சர்" என்று நார்க்கட்டிலைக் காட்டினார். மரியாதைக்குக் குறைவில்லை. முகத்தில் மட்டும் சிரிப்பு இல்லை.

அவர் பெண்சாதி முத்துக்கனி செம்பில் தண்ணீரோடு வந்தாள். "வெள்ளம் குடிங்க. நல்ல வேலை பாத்திய டீச்சர்! கதையைப் பாதியில விட்டுட்டுப் போயிட்டிய. இவன் ஒறங்க மாட்டேங்கான். எந்திச்சு எந்திச்சுக் கோழிக்கூட்டைத் தெறந்து பாக்கான்."

"நீ சும்மா இரி" என்றார் பொன்னுலிங்கம். பிறகு நேசபாயிடம் திரும்பினார். "டீச்சர், ஒங்களை மட்டு மரியாதை இல்லாமப் பேசதுக்கு எனக்கு மனசு வரல்ல. ஆனா ஒண்ணு கேக்கேன். எங்க பூட்டன் காலத்துல எங்க ஆளு தலையில துண்டு கெட்டுனா மேல்சாதிக்காரன் சந்தையில வச்சு அவுத்து, அடிச்சு அனுப்புவான். கெட்டுங்கலே, ஒங்க தலையும் தலைதான்னு அய்யா சொன்னாரு. அதனாலதான் தாங்கலுக்குள்ள நாங்க தலைப்பா இல்லாம சாமி முன்னால நிக்கது கெடையாது. என் மவன் தலையில இருந்து அதை உருவதுக்கு ஒங்களுக்கு எப்படி டீச்சர் கை வந்துது?"

நேசபாய் வீட்டிலும் ஒரு பேச்சு உண்டு. அவளுடைய பூட்டி தோளில் சீலை போட்டுக்கொண்டு சந்தைக்குப் போன அன்றைக்கு, அதை இழுத்துக் கிழித்து எறிந்தார்கள். அதைக் கேட்டு வளர்ந்தவள் அவள். கிழித்தவன் கை எப்படி இருந்திருக்கும் என்று சின்ன வயதில் யோசித்துப் பார்த்திருக்கிறாள். இப்போது தன் கையைப் பார்த்தாள்.

"எனக்குத் தெரியாது" என்றாள். "எங்க கோயில்ல சாமி முன்னால ஆம்பிளைங்க தலைப்பாவை எடுத்துரணும். அதுதான் மரியாதை. அவன் களியாக்குதான்னு நெனச்சுட்டேன்."

பொன்னுலிங்கம் அவளை உற்றுப் பார்த்தார். "மரியாதைக்கா எடுக்கிய?"

"பின்ன?"

"அடப்பாவமே! நான் இத்தனை வருசமா என்ன நெனச்சேன் தெரியுமா? உங்க ஆளுவ வேதத்துல சேந்தும் பழைய பயம் போகல்ல, ஆண்டை முன்னால அவுத்த மாதிரி சாமி முன்னாலயும் அவுக்கான், பாவம்னுல்லா நெனச்சேன்! கிழக்குத் தெருக் கல்யாணத்துக்கு வந்தா, அதைப் பாக்க மனசு கேக்காம வெளியவே நின்னுக்கிடுவேன்."

நேசபாய்க்கு அந்த நிலைமையிலும் சிரிப்பு வந்துவிட்டது. பொன்னுலிங்கமும் வாயைப் பொத்திச் சிரிப்பை அடக்கப் பார்த்தார், முடியவில்லை. முத்துக்கனி செம்போடு நின்று விழுந்து விழுந்து சிரித்தாள்.

"அது சரி, பொம்பிளைங்க நீங்க முக்காடு போடுதியளே?" என்றார் அவர்.

"ஆம்பிளைங்க எடுக்கணும், பொம்பிளைங்க மூடணும்."

"கொள்ளாம், நல்லாத்தான் இருக்கு! ஒரு வீட்டுக்குள்ளயே ரெண்டு சட்டம்."

அப்போது கதவுக்குப் பின்னால் இருந்து ஒரு குரல் வந்தது. கிருஷ்ணமணி. முகத்தைக் காட்டாமலே சொன்னான். "டீச்சருந்தான் அன்னைக்கு மூடுனாங்க. கடவுள் வந்தாருன்னு சொல்லிச் சேலையைத் தலையில போட்டாங்க. அதைப் பாத்துதான் நானும் கெட்டுனேன்."

நேசபாய்க்கு அந்த மழை நாள் அப்படியே திரும்பி வந்தது. தன் கை முந்தானையை இழுத்ததும் ஞாபகம் வந்தது. தன்னைப் பார்த்து, தன்னைவிடப் பக்தியாகச் செய்த பிள்ளையைத்தான் அடிக்காத குறையாக அவமானப்படுத்தியிருக்கிறாள். கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. அவள் மறைக்கவில்லை. மடித்த துவர்த்தை நீட்டினாள்.

பொன்னுலிங்கம் அதை வாங்கவில்லை. "தெரியாமச் செஞ்சதுக்குக் கோவம் இல்ல டீச்சர். எனக்குப் போச்சு. ஆனா தெருவுல உள்ளவனுக்கு நான் என்ன பதில் சொல்லட்டும்? எல்லாரும் பாக்க அவுத்தது, எல்லாரும் பாக்கக் கெட்டணும். அவுத்த கையாலயே கெட்டணும். அப்படின்னா அத்தனை பிள்ளையளையும் நானே கூட்டிட்டு வாறேன்."

"கெட்டுதேன்" என்றாள் நேசபாய். ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. கிழக்குத் தெருவில் யார் என்ன சொல்வார்கள் என்ற நினைப்பு, திரும்பி நடக்கும்போதுதான் வந்தது. வந்ததை அப்படியே தள்ளிவிட்டாள்.

வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியடுக்குப் பள்ளிக்கூடமே தாங்கவில்லை. மேற்குத் தெருப் பிள்ளைகள் வரிசையாக வந்து உட்கார்ந்தார்கள். மேற்குச் சன்னலில் அவர்கள் அப்பா அம்மா. இது என்ன கூத்து என்று பார்க்கக் கிழக்குத் தெருவும் வந்து கிழக்குச் சன்னலில் தொங்கியது. பகவதியப்பன் சார் வாசலில் நின்று விரலை ஆட்டி ஆட்டித் தலைகளை எண்ணினார். எண்ணி முடித்ததும் மூக்குப்பொடியை ஆனந்தமாக இழுத்துத் தும்மினார். டிவிஷன் பிழைத்தது என்று நேசபாய்க்கு அந்தத் தும்மலில் தெரிந்துவிட்டது.

கிருஷ்ணமணியை முன்னால் கூப்பிட்டாள். "அன்னைக்கு இந்தக் கையாலதான் அவுத்தேன்" என்று சன்னல்களுக்கும் கேட்கும்படி சொன்னாள். "தப்பு என்னுது. கிருஷ்ணமணி களியாக்கல்ல. சாமிக்கு மரியாதை செஞ்சான். எங்க வழக்கம் வேற, அவிய வழக்கம் வேற. எனக்குத்தான் தெரியல்ல."

"டீச்சர், அப்ப நாங்க?" என்றான் ஜெயசிங், கிழிந்த உதட்டோடு. "நாங்களும் கெட்டணுமா?"

"ஒனக்கு ஒன் வழக்கம். நீ எப்பவும்போல இரி."

ஜெயசிங் எச்சிலைத் தொட்டுத் தலைமயிரைப் படிய வாரிக்கொண்டு நேராக உட்கார்ந்தான்.

நேசபாய் துவர்த்தை விரித்தாள். பிறந்தது முதல் ஒரு தலைப்பாகையும் கட்டி அறியாதவள். இந்தப் பக்கம் சுற்றினால் அந்தப் பக்கம் வழுக்கியது. அந்தப் பக்கம் இழுத்தால் பின்னால் வால் மாதிரி தொங்கியது. சன்னல்களில் சிரிப்பு எழுந்தது. கிழக்கா மேற்கா என்று பிரிக்க முடியாத சிரிப்பு.

"அய்யோ, அப்படி இல்ல டீச்சர், நான் வந்து கெட்டட்டா?" என்று முத்துக்கனி துடித்தாள்.

"சும்மா நில்லுட்டி" என்றார் பொன்னுலிங்கம். "அவிய கெட்டட்டு."

எப்படியோ கட்டி, முனையைச் செருகி, கையை எடுத்தாள். கிருஷ்ணமணி போய்த் தன் இடத்தில் உட்கார்ந்தான். நேசபாய் தன் முந்தானையைத் தலைக்கு மேல் இழுத்துக்கொண்டாள்.

"கதவு தெறந்துது. உள்ள ஒரே வெளிச்சம். கடவுள் வந்து நின்னாரு."

அப்புறம்? இத்தனை நாளும் யோசித்தும் அதற்குமேல் ஒரு வார்த்தை கிடைக்கவில்லை. இரண்டு சன்னலும் அவள் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தன. அந்த நேரம் பார்த்து, கட்டின தலைப்பாகை மெல்ல வழுகி இறங்கிக் கிருஷ்ணமணியின் கண், மூக்கு எல்லாவற்றையும் மூடிவிட்டது. சரிசெய்யலாம் என்று அவள் கையை நீட்டினாள்.

சட்டென்று இரண்டு கையாலும் துண்டைப் பிடித்துக்கொண்டான். "வேண்டாம் டீச்சர், அவுத்துராதீங்க. கண்ணு மறைச்சா என்ன, காது கேக்குல்லா. நீங்க சொல்லுங்க."

நேசபாய் நீட்டின கையை மடக்கிக்கொண்டாள். அவன் முகத்தைப் பார்க்க வேண்டும்போல் இருந்தது, நின்றபடி பார்த்தால் துண்டுதான் தெரிந்தது. அத்தனை பேருக்கு முன்னால், சேலையை ஒதுக்கிக்கொண்டு, அவன் முன்னால் தரையில் குந்தி உட்கார்ந்து, தலையைத் தாழ்த்திக் கீழேயிருந்து அண்ணாந்து பார்த்தாள். துண்டுக்கு அடியில் அவன் கண் இரண்டும் தெரிந்தன.

"கடவுள் குத்தவச்சு உக்காந்தாரு மக்கா" என்றாள். "நின்னுக்கிட்டே பாத்தா குஞ்சுக்க மூஞ்சி தெரியாதுல்லா. அதனால தரையில உக்காந்தாரு. பெறகு, உன் வழக்கு என்னன்னு கேட்டாரு."

"ம்" என்றான் கிருஷ்ணமணி.